574 கி.மீ. வேகம் முடியுமென்றால் பயணிகள் ரயில் ஏன் 300, 350-லேயே நிற்கிறது?

வேகமானி (கேள்வி):

2007 ஏப்ரல் 3-ஆம் தேதி பிரான்ஸில் ஒரு டிஜிவி (அந்நாட்டின் அதிவேக ரயில்) வண்டி மணிக்கு 574.8 கி.மீ. வேகத்தில் ஓடிக் காட்டியது. சக்கரத்தில் ஓடும் ரயில்களில் இன்றுவரை அதுதான் சாதனை. ஆனால் பிரான்ஸில் பயணிகள் வண்டி இன்னும் 320-ஐத் தாண்டவில்லை. ஜப்பானின் தொஹோகு தடத்திலும் 320தான். சீனாவில் 350.

வண்டியால் முடியாதா, பாதையால் முடியாதா? இன்னொன்றும் புரியவில்லை. தோக்கியோ – ஷின்-ஒசாகா 515 கி.மீ.; உச்ச வேகம் 285. ஆனால் பயணம் சுமார் இரண்டரை மணி நேரம், அதாவது சராசரி 210-க்குப் பக்கம். மாட்ரிட் – பார்சலோனா 621 கி.மீ.யும் அதே இரண்டரை மணி நேரம்தான். உச்ச வேகத்துக்கும் சராசரிக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி எங்கே போகிறது?

முதல் தடவை இந்த வண்டிகளில் போகிறவர்கள் இருக்கை எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மின்பாதை:

முதலில் பார்க்க வேண்டியது ரயிலுக்கு மின்சாரம் தரும் மேல்நிலைக் கம்பி. எஞ்சின் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான்.

பாண்டோகிராஃப், அதாவது கூரையிலிருந்து நீண்டு கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கை, கம்பியை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே போகிறது. அழுத்திய இடத்திலிருந்து கம்பியில் ஓர் அலை கிளம்பும், கொடிக்கயிற்றைச் சுண்டினால் ஓடுகிற அலையைப் போல. அந்த அலையின் வேகத்தை ரயில் நெருங்க நெருங்க, பாண்டோகிராஃப் தான் எழுப்பிய அலை மேலேயே ஏறத் தொடங்கும். கம்பி தூக்கியடிக்கும், தொடர்பு விட்டுவிட்டு வரும், விடுகிற ஒவ்வொரு முறையும் தீப்பொறி பறக்கும். பாண்டோகிராஃபின் கரிப்பட்டையும் கம்பியும் சேர்ந்து தேயும். மோசமானால் கம்பியே அறுந்து விழும்; அப்படி விழுந்தால் அந்தத் தடம் முழுக்கப் பல மணி நேரம் முடங்கும்.

கணக்கு எளியது. கம்பியின் இழுவிசையை அதன் ஒரு மீட்டர் எடையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வேகம். 150 சதுர மி.மீ. செம்புக் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 1.35 கிலோ. அதை 20 கிலோநியூட்டனில் இழுத்துக் கட்டினால் அலை விநாடிக்கு 122 மீட்டர், அதாவது மணிக்கு 438 கி.மீ. ஓடும். ரயிலின் வேகம் இதில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது துறையில் புழங்கும் விதி. 438-இல் 70 சதவீதம் 307. நீங்கள் கேட்ட 300 வந்துவிட்டது, பாருங்கள்.

சாதனை ஓட்டத்தில் அந்தக் கம்பியை 40 கிலோநியூட்டன் வரை இறுக்கினார்கள். அலை 620-க்கு ஏறியது. ஆனாலும் வண்டி அதில் 90 சதவீதத்துக்கு மேல் போனது. ஒரு நாள் ஓட்டத்துக்குச் சரி, தினமும் நூறு வண்டி போகும் தடத்தில் கம்பி தேய்ந்து மெலியும். மெலிந்த கம்பியால் அந்த இழுவிசையைத் தாங்க முடியாது. மெக்னீசியம் கலந்த செம்பு வலிமை கூடியது. ஆனால் கலக்கக் கலக்க மின்கடத்தும் திறன் குறைகிறது. அதற்கும் எல்லை உண்டு.

மற்ற மாற்றங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் வழக்கமான 25 கிலோவோல்ட்டிலிருந்து 31-க்கு. சக்கரத்தின் விட்டம் 920 மி.மீ.யிலிருந்து 1092-க்கு, அதே வேகத்துக்கு மோட்டார் குறைவாகச் சுழலட்டும் என்று. திறன் 19.6 மெகாவாட், வழக்கமான டிஜிவியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பெட்டிகளைக் குறைத்தார்கள். சில வளைவுகளில் தண்டவாளத்தின் சாய்வைக் கூட்டினார்கள். அன்று ஓடியது பயணிகள் வண்டியின் சட்டையைப் போட்ட ஓர் ஆய்வுக்கூடம்.

காற்றுத்தடை:

கம்பி வழிவிட்டாலும் கணக்கு விடாது. 200-க்கு மேல் எதிர்ப்பில் பெரும்பங்கு காற்றினுடையது. காற்றை வெல்ல ஒரு கி.மீ.க்குச் செலவாகும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், திறன் மும்மடியில் ஏறும். 300-லிருந்து 350-க்குப் போனால் ஆற்றல் 36 சதவீதம் கூடும், மோட்டார் 59 சதவீதம் கூடுதல் திறன் கொடுக்க வேண்டும்.

கிடைப்பது என்ன? 100 கி.மீ. தூரத்தை 300-இல் 20 நிமிடத்தில் கடக்கலாம், 350-இல் 17 நிமிடம் 9 விநாடியில். மிச்சம் மூன்று நிமிடம்கூட இல்லை. பழைய பாதையில் 100-ஐ 150 ஆக்கினால் அதே தூரத்தில் 20 நிமிடம் மிச்சம்! வேகம் குறைவாக உள்ள இடத்தைச் சீர்செய்வதுதான் நேரத்தைக் கொண்டுவரும். உச்சத்தை உயர்த்துவது பெரும்பாலும் விளம்பரத்துக்குத்தான் உதவும். 

அப்புறம் சத்தம். பாண்டோகிராஃப், போகி (பெட்டிக்கு அடியிலுள்ள சக்கரத் தொகுதி), பெட்டிகளின் இடைவெளி ஆகியவற்றில் காற்று மோதி எழும் ஒலி ஏறத்தாழ வேகத்தின் ஆறாம் மடியில் வளரும். 350-க்குப் போனால் ஒலியாற்றல் இரண்டரை மடங்கு, 4 டெசிபல். குடியிருப்புப் பகுதிகளில் தன் அதிவேக ரயிலான ஷின்கான்செனின் ஒலிக்கு ஜப்பான் வைத்த வரம்பு 70 டெசிபல். அங்கே வேகத்தைப் பல இடங்களில் தீர்மானிப்பது மோட்டார் அல்ல, தடத்தோரத்தில் தூங்குகிறவர்கள்.

சுரங்கம் வேறு. வண்டி உள்ளே நுழைந்ததும் அழுத்த அலை ஒன்று முன்னால் ஓடி, மறுவாயிலில் வெடிச்சத்தமாக வெளியேறும். ஷின்கான்செனின் 500 வரிசை வண்டிக்கும் இ5 வண்டிக்கும் மூக்கு 15 மீட்டர் நீளம் என்றால், அழுத்தம் சட்டென்று ஏறாமல் மெல்ல ஏற வேண்டும் என்பதற்காக. சுரங்க வாயிலில் துளைகள் விட்ட கூடாரம் போல நீட்டிக் கட்டுவதும் அதற்கே.

வளைவாரம்:

மேலே இருவர் சொன்னதும் சரி. ஆனால் சராசரி ஏன் குறைகிறது என்ற கேள்விக்குப் பதில் வளைவிலும் நிறுத்தத்திலும் இருக்கிறது.

1435 மி.மீ. பாதையில், வேகத்தை வர்க்கித்து 11.8-ஆல் பெருக்கி, வளைவின் ஆரத்தால் (மீட்டரில்) வகுத்தால், வெளித் தண்டவாளத்தை எத்தனை மி.மீ. உயர்த்த வேண்டும் என்று வரும். 300 கி.மீ., 4000 மீட்டர் ஆரம்: 265 மி.மீ. அவ்வளவு உயர்த்த முடியாது. வண்டி வளைவில் நின்றுவிட்டால் பயணிகள் உள்பக்கம் சரிவார்கள். 180 உயர்த்தி, மீதி 85-ஐப் பயணியின் உடம்பு தாங்கிக்கொள்ளும்படி விடுவார்கள். அதே வளைவில் 350 போனால் தேவை 361. பாக்கி 181 மி.மீ. என்றால் தேநீர்க் கோப்பை நிற்காது, தண்டவாளமும் சீக்கிரம் இடம்பெயரும். அதனால்தான் சீனாவில் 350-க்கான தடங்களைப் பொதுவாக 7000 மீட்டர் ஆரத்தில் போடுகிறார்கள்.

நீங்கள் கேட்ட தோக்கியோ – ஷின்-ஒசாகா பாதையான தோக்காய்தோ தடம் 1964-இல் 210 கி.மீ. வேகத்துக்காக 2500 மீட்டர் ஆரத்தில் போட்டது. நடுவில் ஊர்கள் வந்துவிட்டன, வளைவை இனி நிமிர்த்த முடியாது. அங்கே ஓடும் என்700 வண்டி காற்றுப்பைகளால் பெட்டியை 1 டிகிரி சாய்த்து அந்த வளைவுகளை 270-இல் எடுக்கிறது. அந்த ஒரு டிகிரிக்காக எத்தனை பொறியியல்!

இப்போது ஒரு நிறுத்தத்தின் விலை. 300-லிருந்து ஒவ்வொரு விநாடியும் வேகத்தில் விநாடிக்கு 0.5 மீட்டர் குறைத்தால் நிற்க 167 விநாடி, 7 கி.மீ. நிற்காமல் போயிருந்தால் 83 விநாடி போதும். மீண்டும் ஏறும்போது சராசரி 0.25 என்றால் 333 விநாடி, 14 கி.மீ.; நிற்காத வண்டிக்கு 167. நிலையத்தில் 2 நிமிடம். மொத்த இழப்பு 6 நிமிடத்துக்கு மேல். 350-இல் 200 கி.மீ. ஓடிச் சேமித்ததை ஒரே நிறுத்தம் தின்றுவிடும்.

ஷின்கான்சென் இதற்குத் தேடிய வழி மோட்டாரைப் பகிர்ந்து வைப்பது. என்700-இல் 16 பெட்டிகளில் 14-க்கு மோட்டார் உண்டு. மூன்று நிமிடத்தில் 270-ஐத் தொடும். இரு முனையிலும் எஞ்சின் வைத்த டிஜிவியில் 26 அச்சுகளில் 8 மட்டுமே இழுக்கும். அது நீண்ட தூரம் நிற்காமல் ஓடப் பிறந்தது. எது சிறந்தது என்று கேட்பதை விட, நிலையங்கள் எவ்வளவு நெருக்கம் என்று கேட்பதே சரி.

மின்பாதை:

வளைவாரம் சொன்னதோடு ஒன்று. பிரேக்கும் கணக்கில் வர வேண்டும். 300-இல் வண்டி விநாடிக்கு 83 மீட்டர் ஓடுகிறது. அவசரப் பிரேக் சராசரியாக 1 மீட்டர் வீதம் பிடித்தாலும் நிற்க மூன்றரை கி.மீ. வேண்டும். பாதையோரச் சிக்னலைக் கண்ணால் பார்த்து ஓட்டுவது இங்கே நடக்காது. அனுமதித்த வேகம் ஓட்டுநர் அறைத் திரையிலேயே தெரியும், மீறினால் கருவியே பிரேக் போடும்.

ஆபத்து பெரும்பாலும் புதுத் தடம் பழைய தடத்தோடு சேரும் இடத்தில் இருக்கிறது. ஸ்பெயினில் சான்டியாகோ தெ கொம்போஸ்தெலாவில் 2013 ஜூலை 24 அன்று, 80 கி.மீ. அனுமதித்த வளைவில் வண்டி ஏறத்தாழ 179-இல் நுழைந்து கவிழ்ந்தது. அந்த வளைவில் வேகத்தைத் தொடர்ந்து கண்காணிக்கும் ஏற்பாடு இல்லை. ஜெர்மனியின் எஷெடெயில் 1998-இல் 101 பேர் இறந்ததற்குக் காரணம் சக்கரம்: ரப்பர் வளையத்தின் மேல் பொருத்திய எஃகுப் பட்டை உலோகச் சோர்வால் உடைந்தது. அதன் பிறகு ஒரே துண்டாலான சக்கரத்துக்கு மாறினார்கள். இரண்டு விபத்திலும் உச்ச வேகம் குற்றவாளி அல்ல.

சன்னலோரம்:

இருக்கை பற்றிக் கேட்டதற்கு.

தோக்கியோவிலிருந்து ஒசாகா போகும்போது புஜி மலை வலப்பக்கம். சாதாரண வகுப்பில் ஈ வரிசை இருக்கை, கிரீன் வகுப்பில் (முதல் வகுப்பு போன்றது) டி. ஷின்-புஜி நிலையத்தை ஒட்டி, கிளம்பிய முக்கால் மணி நேரத்துக்குள் வரும். உங்கள் பயணப்பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 செ.மீ.யைத் தாண்டுமா? தோக்காய்தோ, சான்யோ, கியூஷூ தடங்களில் பெரிய பெட்டிக்கு இடமுள்ள கடைசி வரிசை இருக்கையாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.

டிஜிவியில் இருக்கை முன்பதிவு கட்டாயம். கதவு புறப்படும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே மூடிவிடும். ஜெர்மனியின் அதிவேக வண்டியான ஐசிஇ-யில் பயணச்சீட்டு வேறு, இருக்கை வேறு. இருக்கைக்குத் தனியாகப் பதியாவிட்டால் நின்றுகொண்டு போக நேரலாம். ஸ்பெயினில் பெரிய நிலையங்களில் பைகளை ஸ்கேன் செய்வார்கள். சீனாவில் சீட்டு உங்கள் கடவுச்சீட்டு எண்ணோடு இணைந்தது, அது இல்லாமல் வாயில் திறக்காது.

பலர் கவனிக்காதது: இரண்டு வண்டிகளை மூக்கோடு மூக்கு கோத்து ஓட்டுவார்கள். உள்ளே ஒன்றிலிருந்து மற்றதற்கு நடக்க முடியாது, வழியில் பிரிந்து வெவ்வேறு ஊருக்கும் போகும். ஏறும் முன் பெட்டி எண்ணைப் பாருங்கள், "ஏறிவிட்டு உள்ளே நடந்து போய்க்கொள்ளலாம்" என்ற எண்ணம் வேண்டாம். 'சன்னலோரம்' என்று வரும் எல்லா இருக்கைக்கும் சன்னல் இருக்காது. சிலவற்றுக்கு இரு சன்னல்களின் நடுச்சுவர்தான் கிடைக்கும். ஆட்டம் குறைவாக வேண்டுமென்றால் போகிக்கு மேலே இல்லாமல் பெட்டியின் நடுவில் எடுங்கள். இரட்டை அடுக்கு டிஜிவியில் மேல்தளம் எடுத்தால் ஒலித்தடுப்புச் சுவருக்கு மேலே கண் போகும், பர்கண்டியின் வயல்கள் முழுதாகத் தெரியும். ரயிலை விரும்புகிறவர்களுக்கு அந்தக் காட்சிக்கு ஈடில்லை.

வேகமானி:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். கம்பியும் சக்கரமும்தான் தடை என்றால் காந்த மிதவை வண்டி எல்லாவற்றையும் தீர்த்துவிடுமே?

காற்றுத்தடை:

கம்பி, சக்கரம் இரண்டையும் தீர்க்கும். 2015 ஏப்ரல் 21-இல் ஜப்பானில் 603 கி.மீ. எட்டியது அப்படித்தான். காற்று மட்டும் அப்படியே இருக்கும். 300-லிருந்து 500-க்குப் போனால் காற்றை மட்டும் வெல்ல ஒரு கி.மீ.க்கு 2.8 மடங்கு ஆற்றல். வளைவு இன்னும் அகல வேண்டும், அதனால் மலைப்பகுதியில் ஏறக்குறைய முழுவதும் சுரங்கம். அதைவிடப் பெரிய சிக்கல், பழைய நிலையங்களுக்குள் நுழைய முடியாது. டிஜிவி 1981-இல் பாரிஸ் – லியோன் ஓடத் தொடங்கியபோது இரு நகரங்களின் உள்ளேயும் இருந்த பழைய தண்டவாளத்தையே பயன்படுத்திக்கொண்டது, புதுத் தடம் முடிந்த இடத்துக்கு அப்பாலும் ஓடியது. ஷாங்காயின் மிதவைத் தடம் 30 கி.மீ.தான், விமான நிலையத்தில் கிளம்பி லோங்யாங் சாலை நிலையத்தோடு முடிகிறது, அங்கிருந்து நகருக்குள் போக மெட்ரோ மாற வேண்டும்.