மறுமொழி: பற்றீரியாவின் குடியும் பூர்வீகமும் – என்ன சொல் வைக்கலாம்?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம். பற்றீரியாவின் சில பரம்பரையலகுகளை (ஜீன்களை) வாசித்து, அதன் வகைக்கு ஓர் எண் கொடுக்கும் ஆய்வுகூட முறைக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பதுதானே கேள்வி.

‘மரபணுக் கைரேகை’ வேண்டாம் என்பதே என் கருத்தும். கைரேகை ஒருவருக்கே உரியது. இங்கே ஒரே எண்ணை எத்தனையோ பற்றீரியாக்கள் பகிர்ந்துகொள்கின்றன. சென்னை நண்பர் தந்த ‘மரபணு மூலமறிதல்’ காதுக்கு இனிமைதான். ஆனால் ஆய்வுகூடம் செய்யாத வேலையையும் செய்ததாக அது சொல்லிவிடுகிறது.

மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோயைத் தரும் பற்றீரியாவை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறவனுக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும். அது மண்ணில் வாழ்வது. பெரும்போக மழைக்குள் படுவான்கரை வயற்சேற்றில் இறங்குகிறவருக்கு, அதிலும் நீரிழிவு இருந்தால், கால் காயத்தின் வழியே தொற்றலாம். நோயாளியின் இரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்த கிருமியில் ஏழு பரம்பரையலகுகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டை வாசிப்பார்கள். ஒவ்வொரு துண்டும் எந்த எதிருரு (ஒரே பரம்பரையலகின் மாற்று வடிவம்) என்று பார்த்து ஓர் எண். ஏழு எண்களும் சேர்ந்த கோவைக்கு இன்னோர் எண். அவ்வளவுதான். 1998இல் மூளையுறை அழற்சிப் பற்றீரியாவுக்கென்று வந்த முறை இது. 2003இல் மெலியோய்டோசிஸ் கிருமிக்கும் வந்தது. ஊர் எது என்பது அப்புறம், உலகத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு ஊகிப்பது.

அந்த ஊகம் தவறாகிப்போனதும் உண்டு. கம்போடியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஒரே எண்ணுள்ள கிருமிகள் கிடைத்தன. முழு மரபணுத்தொகையையும் வாசித்துப் பார்த்து, அவை நெருங்கிய உறவே இல்லை என்று 2015இல் எழுதினார்கள். இந்தக் கிருமிகள் தங்களுக்குள் டீ.என்.ஏ. துண்டுகளைத் தாராளமாக மாற்றிக்கொள்பவை. ஏழு துண்டுகள் தற்செயலாக ஒத்துப்போயின. சரியாக அமைந்ததும் உண்டு. 2021இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில், வெளிநாடு போகாத நால்வருக்கு இந்நோய் வந்து இருவர் இறந்தார்கள். முழு வாசிப்பு தெற்காசியக் கிளையைக் காட்டியது. கடைசியில், இந்தியாவில் செய்த அறை வாசனைத் தெளிப்பான் போத்தலில் அதே கிருமி அகப்பட்டது.

வகை பார்ப்பது ஒரு வேலை, ஊர் தேடுவது வேறு வேலை. முதல் வேலைக்குக் ‘குடியறிதல்’ என்று வைக்கலாமா? எங்கள் பக்கம் குடி என்பது தாய்வழி வரும் குலப்பிரிவு, தமிழரிடமும் முஸ்லிம்களிடமும். ‘என்ன குடி, மகன்?’ என்று கேட்டால் கலிங்ககுடி, பணிக்கனார்குடி என்று பதில் வரும். அதை வைத்து ஆள் எந்த ஊர் என்று சொல்லிவிட முடியாது. ஒரே குடி பல ஊர்களில் இருக்கிறது. பற்றீரியாவும் தாய்க்கலம் பிளந்து மகட்கலங்களாகப் பெருகுவதுதானே. இரண்டாவது வேலைக்குப் ‘பூர்வீகம் தேடல்’. கோவைக்குரிய எண்ணைக் ‘குடியெண்’ என்றால் அட்டவணைத் தலைப்பிலும் அடங்கும்.

குடி என்றால் மது நினைவு வரும் என்று ஒருவர் தயங்கியிருந்தார். குடியரசு, குடிமகன், குடியேற்றம் என்றெல்லாம் தினமும் எழுதுகிறோம், யாருக்கும் அப்படி வருவதில்லை.

வவுனியா ஆசிரியை கேட்டது கனமான கேள்வி: துண்டுகளை மாற்றிக்கொள்ளும் உயிருக்குத் தாய்வழிச் சொல் பொருந்துமா? முழுக்கப் பொருந்தாது என்பதை ஏற்கிறேன். வரையறையிலேயே ‘தெரிந்தெடுத்த பரம்பரையலகுகளின்படி’ என்று சேர்த்துவிடுவோம்.

ஓரிரு எதிருருக்களில் மட்டும் வேறுபடும் நெருங்கிய குடியெண்களின் கூட்டத்துக்கு ‘குடிக்கொத்து’ சரிவருமா? ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கள்.