பேட்டரி 12 வோல்ட்தான், கழற்றும்போது ஷாக் அடிப்பது ஏன்?

மொட்டைமாடி_ஆம்ப்:
பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி வைத்திருந்தேன். 230 உள்ளே, 12 வெளியே. திருப்பிப் போட்டால் என்ன என்று தோன்றியது. பைக் பேட்டரியை 12 வோல்ட் பக்கம் கொடுத்தேன். அந்தப் பக்கம் 230 வரும், ஒரு பல்பாவது எரியும் என்று கணக்கு. மீட்டரை ஏசியில் (திசை மாறி மாறி ஓடும் கரன்ட்) வைத்தாலும் டிசியில் (ஒரே திசையில் ஓடுவது) வைத்தாலும் பூஜ்யம். கொஞ்ச நேரத்தில் காயில் தொட முடியாத சூடு, வார்னிஷ் வாசனை வேறு. சரி, போய்விட்டது என்று பேட்டரி ஒயரை உருவினேன். இடது கையில் 230 பக்கத்து நுனிகள் இரண்டும் இருந்தன. முழங்கை வரை ஓர் உதை! ஓடும்போது வராதது நிறுத்தும்போது எப்படி வந்தது?

சால்டர்_மணி:
மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் ஒன்று எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும், பாருங்கள். 12 வோல்ட் டிசி ஷாக் அடிக்காது.

வைண்டிங்கடை_கோவை:
கெப்பாசிட்டரெல்லாம் வேண்டியதில்லை. தம்பி, 1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டனில் மைக்கேல் ஃபாரடே கண்ணால் பார்த்ததை நீங்கள் முழங்கையால் பார்த்துவிட்டீர்கள். ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு காயில் சுற்றி, ஒன்றுக்குப் பேட்டரி கொடுத்தார்; மற்றதன் கம்பிக்கு அருகில் காந்த ஊசி. இணைத்த நொடியில் ஊசி துள்ளியது, பிறகு பழைய இடத்துக்கே வந்து நின்றுவிட்டது. கழற்றியதும் மறுபடி துள்ளியது, இந்த முறை எதிர்ப்பக்கம்.

காந்தம் சும்மா இருந்தால் காயிலில் ஒன்றும் பிறக்காது. அது மாற வேண்டும். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு வோல்ட். நீங்கள் ஒயரை உருவியதும் இரும்பிலிருந்த காந்தப்புலம் சட்டென்று சரிந்தது. 230 பக்கம் சுற்று கிட்டத்தட்ட 19 மடங்கு அதிகம், அதனால் அந்த உதை. இணைத்தபோதும் ஒன்று வந்திருக்கும், அப்போது நீங்கள் நுனியைப் பிடித்திருக்கவில்லை. மீட்டர் அவ்வளவு வேகமாகக் காட்டாது.

சூடு ஏன் என்றால், 12 வோல்ட் பக்கம் மீட்டர் வைத்தால் ஒரு ஓம் வந்தாலே அதிகம். டிசிக்கு அதைத் தவிர வேறு தடையே இல்லை. 12 ஆம்பியர் ஓடியிருக்கும். ஏசியில் காயிலே எதிர்த்து வோல்ட் உண்டாக்கிக் கரன்ட்டைப் பிடித்து வைக்கும். 1834இல் லென்ஸ் என்ற இயற்பியலாளர் சொன்னது இதைத்தான். 24 வோல்ட் ஏசி கான்டாக்டருக்கு (காயிலின் காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) 24 வோல்ட் டிசி கொடுத்துக் கரியாக்கிக்கொண்டு என் கடைக்கு வருபவர்கள் உண்டு. "அதே 24தானே அண்ணா" என்பார்கள். காயிலை அறுத்தால் உள்சுற்றுகள் கருகி, கம்பி உருவ வராமல் கட்டியாக இருக்கும்.

வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸில் கரன்ட் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. நீங்கள் கையால் ஒருமுறை செய்ததை அது ஓயாமல் செய்கிறது, அவ்வளவுதான். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் 'உம்ம்' சத்தமும் அந்த 100தான்.

மொட்டைமாடி_ஆம்ப்:
அப்படியானால் இன்வர்ட்டரில் பேட்டரியிலிருந்து 230 வருவது?

வைண்டிங்கடை_கோவை:
உள்ளே மாஸ்ஃபெட் என்ற எலக்ட்ரானிக் சுவிட்சுகள் உட்கார்ந்துகொண்டு பேட்டரி கரன்ட்டை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாற்றிக் கொடுக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மருக்கு அது ஏசிதான்.

மறுபடி சோதிக்கத் தோன்றினால் கையை விட்டுவிடுங்கள். சுவிட்ச் போர்டு இண்டிகேட்டரின் குட்டி நியான் பல்பை, ரெசிஸ்டரோடு, 230 பக்கம் கட்டி டேப் சுற்றுங்கள். மேல் மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு குச்சிகள் தெரியும்; கரன்ட் ஒரே திசையில் போனால் அதில் ஒன்று மட்டும் மின்னும், திசை மாறினால் மற்றது. பேட்டரியை அரை நொடிக்கு மேல் வைக்க வேண்டாம். சார்ஜில் இருந்து எடுத்த சூட்டோடு செய்யவும் வேண்டாம். அதிலிருந்து வரும் வாயுவுக்கு ஒரு பொறி போதும்.

மொட்டைமாடி_ஆம்ப்:
செய்துவிட்டேன் அண்ணா, விளக்கை அணைத்துவிட்டு. வைக்கும்போது இடது குச்சி மட்டும் மின்னியது. எடுக்கும்போது வலது குச்சி, இன்னும் பளிச்சென்று. பத்துத் தடவை செய்தேன், ஒருமுறைகூட மாறவில்லை.

சால்டர்_மணி:
கெப்பாசிட்டர் கதையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என்னிடமும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கிடக்கிறது, நியான் வாங்கப் போகிறேன்.