1662 கரூசல் அச்சுப்படம்: அரசர் ஏன் இத்தனை சிறியவர்?

வெண்தாள்:
பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் கரூசல் குதிரை விழாவை அச்சுப்படக் கலைஞர் இஸ்ரேல் சில்வெஸ்தர் அகலப் படமாகச் செய்திருக்கிறாரே, அதில் அரசரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அரச பெருமைக்கான படத்தில் இது ஏன்? அன்று நடந்ததன் பதிவாக இதை நம்பலாமா?

செப்புத்தகடு:
தனியாகப் பார்ப்பதால் வரும் குழப்பம். அது 1670இல் அரச அச்சகம் வெளியிட்ட பெரிய நூலின் ஒரு படம். அரங்கும் அணிவகுப்பும் சில்வெஸ்தர் பங்கு. ஆட்களைப் பெரிதாகக் காட்டியவர் பிரான்சுவா ஷோவோ. அவர் செதுக்கிய தகட்டில் (அச்சுக்கான செப்புத் தகடு) லூயி ரோமப் பேரரசராக, தலையில் இறகுக் குவியலோடு குதிரைமேல் வருகிறார். அவருடைய சின்னம் சூரியன். வாசகம் ‘கண்டதும் வென்றேன்’ என்ற பொருள் தரும் லத்தீன். அரசரின் தம்பி பாரசீகர் அணிக்கு, கோந்தே இளவரசர் துருக்கியருக்கு, அவர் மகன் ஆங்கேன் இந்தியருக்கு, கீஸ் பிரபு அமெரிக்கருக்குத் தலைவர்கள். உலகத்தின் நாலு மூலையும் ரோமோடு சேர்ந்து அணிவகுக்கிறது என்பதுதான் சேதி. (அந்த ‘இந்தியர்’ உடையில் நம்மூரைத் தேட வேண்டாம்.)

அகலப் படத்தில் அதிகாரம் முகத்தில் இல்லை, ஒழுங்கில் இருக்கிறது. உயரத்திலிருந்து பார்வை, கட்டம் கட்டமாகக் குதிரைகள், கலையாத வரிசை.

பழையமை:
பதிவாக எடுக்காதீர்கள். விழா ஜூன் 5, 6 தேதிகளில். நூல் வந்தது எட்டு ஆண்டு கழித்து. லத்தீன் பதிப்பும் போட்டார்கள் என்றால் பிற நாட்டவருக்கும் காட்டத்தான் என்று புரிந்துகொள்ளலாம். உடை, சின்னம், அணி வரிசைக்கு நல்ல ஆதாரம். கூட்டத்தின் அளவுக்கும் வரிசையின் நேர்த்திக்கும் கூடாது.

செப்புத்தகடு:
வாங்குவதாக இருந்தால் ஒன்று. அக்காலத்து அரசத் தகடுகள் பல லூவ்ர் அருங்காட்சியகத்தின் தகட்டுக் காப்பகத்தில் உள்ளன. பின்னாளிலும் அவற்றிலிருந்து படி எடுத்தார்கள். ஓரத்தில் காப்பகத்தின் மையில்லாத புடைப்பு முத்திரை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது பிந்தைய படி. தாளை வெளிச்சத்தில் பிடித்தால் பழைய கைத்தாளில் நெருக்கமான கம்பிக்கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே இரண்டு, மூன்று செ.மீ. இடைவெளியில் சங்கிலிக்கோடுகளும் தெரியும். அது மட்டும் போதாது, அப்படித் தாள் பிறகும் செய்தார்கள்.

தேய்மானத்தையும் பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் மை பூசித் துடைப்பதாலும் உருளை அழுத்துவதாலும் ஆழமில்லாத கோடுகள் முதலில் போகும். முன்வரிசைக் குதிரை கருப்பாக இருந்து, பின்னாலுள்ள கூட்டம் சாம்பல் பூத்திருந்தால் அது பிந்தைய படி.

வெண்தாள்:
கோடுகளின் முனை மழுங்கலாக இருக்கிறதே, அதுவும் தேய்மானமா?

பழையமை:
இல்லை. அமிலத்தால் அரித்த கோடு அப்படித்தான் முடியும். உளியால் வெட்டியது கூராக முடியும்.