வின்சென்ட் சபைக்குப் பணம்: கணக்கு கேளுங்கள், பெயர் கேட்காதீர்கள்

அனுப்பியது: சிங்கப்பூர்

எல்லோருக்கும் தோத்திரம்.

பணம் கேட்டுத்தான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. தூத்துக்குடி படகுகளில் கூலிக்குப் போகிற நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஏழைக் குடும்பங்களுக்கு உதவுகிற நம் கோயிலின் வின்சென்ட் தே பவுல் சபை இப்போது 17 குடும்பங்களைப் பார்த்து வருகிறது. குடும்பத்துக்கு வாரம் 800 ரூபாய்க்கு அரிசி, பருப்பு, எண்ணெய், மருந்து. ஒன்பது வாரத்துக்கு 1,22,400 ரூபாய் வேண்டும். சபையின் கையில் 19,000 சொச்சம்தான் இருக்கிறது.

அப்புறம், மனதை உறுத்துகிற ஒரு விஷயம். அம்மாவின் ஆண்டுப் பூசைக்கு அக்கா ஊருக்குப் போயிருந்தாள். ஒரு வீட்டுக்குப் போனபோது அந்த வீட்டுக்காரி சர்க்கரை மாத்திரையை அரிவாள்மணை நுனியில் வைத்துப் பாதியாக உடைத்துக்கொண்டிருந்தாளாம். பாதி காலைக்கு, பாதி மறுநாளைக்கு. கிறிஸ்துமஸுக்கு வெளிநாட்டில் இருக்கிற நம் சங்கம் கொடுத்த பையை வாங்கவில்லையா என்று அக்கா கேட்டாள். “வந்தேன் மக்களே, கெபி வரைக்கும் வந்தேன். படம் புடிச்சிக்கிட்டு நின்னாவ. திரும்பிட்டேன்.”

அந்தப் படம் நம் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. நம்மில் எட்டுப் பேர் முகம் போட்ட ஃபிளெக்ஸ், அதற்குக் கீழே பையோடு வரிசையில் நிற்கிற பெண்கள். வந்த அன்று நானும் கைகூப்பும் படம் போட்டு “வாழ்த்துகள்” என்று எழுதினேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

சபை இப்படிக் கொடுத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் பழைய பள்ளிக்கூடத் திண்ணையில் கூடுவார்கள். ஜெபம், ஞான வாசகம், போன வாரக் குறிப்பு, யார் எந்த வீட்டைப் பார்த்தார்கள் என்ற விவரம். கடைசியில் இரகசியப் பை சுற்றி வரும். சிவப்புத் துணிப் பை. மூடிய கையை உள்ளே விட்டு, விரித்து, திரும்ப மூடிக்கொண்டுதான் வெளியே எடுக்க வேண்டும். நூறு போட்டவர் கையும் ஒன்றும் இல்லாதவர் கையும் ஒரே மாதிரிதான் வெளியே வரும். மீன்பாடு இல்லாத வாரத்தில் சபை ஆளே வெறுங்கையை விட்டு எடுத்திருப்பார், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. பிறகு வாரத்தில் ஒரு ராத்திரி இரண்டிரண்டு பேராக வீடுகளுக்குப் போவார்கள். தனியாகப் போவது கிடையாது. சாமானை இறக்கி வைத்துவிட்டு ஓடி வருவதும் கிடையாது. உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வர வேண்டும்.

செப்டம்பர் 27, வின்சென்ட் திருநாள் அன்று பழைய செயலர் சார் சிறுவர்களான எங்களை உட்காரவைத்துச் சொல்வார். 1833 ஏப்ரல் 23, பாரிஸ். சபை பிறந்த நாள். அதைத் தொடங்கிய மாணவர்களில் ஒருவரான ஓசானாமுக்கு அன்றைக்குச் சரியாக இருபது வயது. முந்தின வருஷம்தான் அந்த நகரத்தில் காலரா வாரிக்கொண்டு போயிருந்தது. உங்கள் வேதம் இன்றைக்கு ஏழைக்கு என்ன செய்கிறது என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் மாணவர்கள் சிலர் கூடினார்கள். யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. சகோதரி ரோசலி என்ற கன்னியாஸ்திரிதான் விலாசமும் ரொட்டிச் சீட்டும் கொடுத்து அனுப்பினார். சார் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருஷமும் “கதவைத் தட்டுவது” என்ற இடத்தில் மேஜையை இரண்டு தட்டு தட்டுவார்.

அன்று முப்பது பேருக்கு மேல் இருந்த சபையில் இன்று ஆறு பேர். இளையவருக்கே 58 வயது.

நான் கேட்பது இதுதான். பணத்தைச் சபைப் பொருளாளரிடம் நேராகக் கொடுப்போம். ஃபிளெக்ஸ் வேண்டாம், படம் வேண்டாம், வாங்குகிறவர் பெயர் இந்தக் குழுவுக்கு வரவே வேண்டாம்.

*

அனுப்பியது: டொராண்டோ

மாப்பிள்ளை,

பணம் தரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. கணக்கு வேண்டும். டிசம்பரில் நாம் அனுப்பியது 36,000 ரூபாய். பை 1,150 வீதம் 22 பைக்கு 25,300. ஃபிளெக்ஸ் 2,600. பந்தல், மைக் செட், போட்டோ 5,400. மிச்சம் 2,700 எங்கே? மூன்று மாதமாகக் கேட்கிறேன். சுமைக்கூலி என்று ஒருவர் போனில் சொன்னார். வாய்ச்சொல் வவுச்சர் ஆகாது. இப்போது நீ ஒரு வீடு பையை வாங்கவே இல்லை என்கிறாய். அப்படியென்றால் 22-ஆவது பை யார் வீட்டுக்குப் போனது?

பெயர் வேண்டாம் என்று நீ சுலபமாகச் சொல்கிறாய். 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் நம் கரையில் வலை கொடுத்தார்களே, அந்தப் பட்டியல் நினைவிருக்கிறதா? கடலில் கால் நனைக்காதவன் பெயரெல்லாம் அதில் இருந்தது. எங்கள் ஐயா பெயர் இல்லை. ஐயா மூன்று நாள் அந்த ஷெட் வாசலில் போய் நின்றார். நாலாம் நாள் போகவில்லை, அப்புறம் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. பட்டியலை முதலிலேயே சுவரில் ஒட்டியிருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். மூடி வைத்ததால்தான் திருட முடிந்தது.

அதனால் 17 பெயர், 17 கையெழுத்து. வந்தால் அன்றே அனுப்புகிறேன்.

*

அனுப்பியது: துபாய்

தம்பி, படம் போட்டது பாவம் மாதிரி எழுதியிருக்கிறாய். எனக்கு வருத்தம்.

பத்தொன்பது வருஷமாக வெயிலில் நின்று சம்பாதிக்கிற காசு. பக்கத்து ஊர்க்காரர்கள் தேருக்குக் கொடுத்தாலும் கொடிமரத்துக்குக் கொடுத்தாலும் பெயர் கல்லில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ஊருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டால் நாம் எதைக் காட்டுவது? அந்தப் படத்தை நான் கேம்பில் எல்லோரிடமும் காட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது.

அப்பா அந்தச் சபையில் முப்பது வருஷம் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமாவது எங்களோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டிருக்கிறாரா? வியாழன் ராத்திரி எங்கே போகிறீர்கள் என்று அம்மா கேட்டால் “ஜெபத்துக்கு” என்பார். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதிக்கிறது, அன்றைக்கும் போனார். அவர் இறந்த அன்று சபைக் கொடியை ஒரு மணி நேரம் பெட்டி மேல் போட்டார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் செய்ததற்கு ஊரில் ஓர் அடையாளமும் இல்லை. அந்தத் திண்ணைச் சுவரில் அவர் பெயரோடு ஒரு கல்வெட்டு வைத்தால் மொத்தத்தில் பாதியை நான் ஒருவனே தருகிறேன். கல்வெட்டுச் செலவு தனி, அதுவும் என்னுடையது.

அந்த மாத்திரை வீடு யாருடையது? எனக்கு மட்டும் எழுது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

*

அனுப்பியது: தோகா

அண்ணன்மாருக்கு,

அந்தச் சிவப்புப் பையைத் தைத்தது எங்கள் மாமி. கிழிந்தபோதெல்லாம் ஒட்டுப் போட்டதும் அவர்தான். ஆனால் கூட்டம் நடக்கும்போது திண்ணைக்கு வெளியே வேப்பமரத்தடியில்தான் நாங்கள் நிற்போம். உலக அளவில் 1967-லேயே பெண்கள் சபையும் ஆண்கள் சபையும் ஒன்றாகிவிட்டன. நம் ஊரில் இன்றுவரை ஆண்கள் மட்டும்தான். அண்ணன் எழுதிய கதையிலேயே வழிகாட்டி அனுப்பியது ஒரு பெண்தானே.

பெருமைக்காகச் சொல்லவில்லை. தாலி அறுத்தவள் வீட்டுக்கு ராத்திரி இரண்டு ஆண்கள் போனால் தெரு என்ன பேசும் என்று அந்த வீட்டுக்காரிக்குத்தான் தெரியும். அதற்குப் பயந்தே உதவி வேண்டாம் என்றவர்கள் உண்டு. மைனி, ராணி டீச்சர் மாதிரி ஆட்களைச் சேர்த்தால் ஆறு பேர் பன்னிரண்டு பேர் ஆவார்கள். நான் 5,000 ரூபாய் இன்றே அனுப்புகிறேன்.

*

அனுப்பியது: சிங்கப்பூர்

மச்சான், 22-ஆவது பை கிடைத்துவிட்டது. உங்கள் மடலைப் பார்த்ததும் அக்காவை விசாரிக்கச் சொன்னேன். சாமியார் இருக்கிற பங்கு வீட்டுச் சாமான் அறையில் நாற்காலிகளுக்குப் பின்னால் இருந்ததாம். நம் ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருக்கிறது, அரிசி முழுக்க வண்டு. யாரும் திருடவில்லை. யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை. 2,700-க்கு என்னிடமும் பதில் இல்லை. பந்தலுக்கு நின்றவர்கள் எழுதித் தர வேண்டும், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

மாமாவுக்கு நடந்தது அநியாயம். அதை மறந்துவிட்டு நான் எழுதவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை ஊர் எழுதவில்லை, யார் வீட்டுக்கும் போகாதவர்கள் எழுதினார்கள். சபையில் வாராவாரம் இரண்டு பேர் அந்த வீட்டு அடுப்படியைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள், அடுத்த மாதம் வேறு இரண்டு பேர் போகிறார்கள். பொருளாளரிடம் பேசினேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண். எந்த எண்ணுக்கு எந்த வாரம் என்ன போனது என்று நோட்டில் இருக்கும், கடை பில் கூடவே இருக்கும். மாதம் ஒருமுறை பங்குச் சாமி பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பெயர் நோட்டு தனி, அது சபைப் பெட்டியில் பூட்டில். ஆகஸ்டில் நீங்கள் ஊருக்குப் போகும்போது ஏதாவது மூன்று எண்ணைச் சொல்லுங்கள், சபை ஆள் ஒருவரோடு அந்த மூன்று வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். அதைவிடப் பெரிய தணிக்கை எனக்குத் தெரியவில்லை.

தங்கச்சி சொன்னது சரி. சாமியிடம் நான் பேசுகிறேன், மைனியிடம் நீ பேசு.

அண்ணே, அந்த வீடு யாருடையது என்று உங்களுக்கும் எழுதமாட்டேன். கோபப்பட வேண்டாம். அதற்குப் பதிலாக வேறொரு வீட்டைச் சொல்கிறேன், அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

அப்பா வள்ளத்தோடு திரும்பாத வருஷம் எனக்கு ஒன்பது வயது. அந்த வருஷமும் அதற்கு அடுத்த இரண்டு வருஷமும் வியாழக்கிழமை ராத்திரி எங்கள் பின்வாசலில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் ஐஸ் கம்பெனிக் கணக்கப்பிள்ளை. இன்னொருவர் உங்கள் அப்பா. அரிசியை அடுக்களைக் குதிர் பக்கம் வைத்துவிட்டு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு வாய்ப்பாடு கேட்பார். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் நான் எப்போதும் தடுக்குவேன், காத்திருப்பார். அம்மா சுக்குக் காபி போட்டுக் கொடுப்பாள். கணக்கப்பிள்ளை வேண்டாம் என்பார். பெரியப்பா ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை, அடிவரை குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். அந்த டம்ளரைக் கழுவும்போதுதான் அந்த வாரத்தில் அம்மா முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். நம் வீட்டுக்கும் வந்து ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டுப் போகிறார் என்று அவளுக்கு.

மறுநாள் கடற்கரையில் பார்த்தால் மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பது போலத்தான் என்னையும் பார்ப்பார். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் ஒருவனும் என்னைச் சபை அரிசி தின்கிறவன் என்று சொல்லவில்லை. நீங்களும் என்னோடு ஒரே பெஞ்சில்தான் இருந்தீர்கள், உங்களுக்கே தெரியாது. உங்களுக்குக் காய்ச்சல் கண்ட அந்த வியாழன் அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கல்வெட்டு வைப்பதென்றால் வையுங்கள், தடுக்க எனக்கு மனம் வராது. வைப்பதற்கு முன் ஒரே ஒரு வியாழக்கிழமை சபை ஆட்களோடு போய்வாருங்கள். ஆறு பேரில் ஒருவருக்கு முட்டுவலி, கூடப் போக ஆள் இல்லாமல் இரண்டு வீடு விட்டுப்போகிறதாம்.

ஏப்ரல் 10-க்குள் பணம் போய்ச் சேர்ந்தால் முதல் வார அரிசியைத் தடை தொடங்குமுன் வாங்கிவிடலாம்.

*

அனுப்பியது: துபாய்

தம்பி, உன் மடலை அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். பாதிப் பணத்தை இன்று அனுப்பிவிட்டேன். மே மாதம் லீவு கிடைக்கிறது. வியாழன் எத்தனை மணிக்குப் போவார்கள்?

*

அனுப்பியது: டொராண்டோ

என் பங்கு 15,000 ரூபாய் அனுப்பியாயிற்று. எண் 4, 9, 16. ஆகஸ்டில் அந்த மூன்று வீடு. கடை பில்லை வாரா வாரம் போட்டோ எடுத்துப் போடச் சொல், பில்லை மட்டும். 2,700-ஐ நான் இன்னும் விடவில்லை.