ஒரே பைப்பில் ஏசி, கீசர், லைட் மூன்றும் போகலாமா? நாளை பூச்சு, அவசரம்

மாடிக்குடி: மாடியில் ஓர் அறை கட்டியிருக்கிறோம். கீழே மெயின் போர்டிலிருந்து படிக்கட்டுச் சுவர் வழியாக ஒரே ஒரு பைப்தான் மேலே போகிறது. எல்லா வயரையும் அதிலேயே இழுத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். தீப்பிடிக்கும் என்கிறார் மாமனார். நாளைக் காலை பூச்சுக்கு ஆள் வருகிறது. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

கம்பிச்சுருள்: பைப் முக்கால் இஞ்சா, ஒரு இஞ்சா? வயர் எத்தனை சதுர மிமீ? கீசர் எத்தனை கிலோவாட்? சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? இவை தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

எர்த்குழி: முதலில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள் ஐயா. நான் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசி எர்த்தில் வந்து முடிந்தவைதான்.

கம்பிச்சுருள்: அவர் கேட்டது பைப்பைப் பற்றி.

பழைய ஃபியூஸ்: இதே கேள்விக்குப் பலமுறை எழுதிவிட்டேன், தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. வீட்டு வயரிங்குக்கு ஐஎஸ் 732 என்றொரு தரநிலை இருப்பதாவது தெரியுமா? சரி, கேளுங்கள். பல சர்க்யூட் ஒரே பைப்பில் போவதாலேயே தீப்பிடித்துவிடாது. வயரின் இன்சுலேஷன் 1100 வோல்ட்டுக்கானது. பிரச்சினை சூடு. தனியாகப் போகும்போது 20 ஆம்பியர் தாங்கும் வயர், மூன்று சர்க்யூட் நெருங்கிப் போனால் 0.7 மடங்குதான் தாங்கும், அதாவது 14. அதற்கு 16 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) போட்டால் வயர் வெந்துகொண்டிருக்கும், எம்சிபி பேசாமல் இருக்கும். பைப்பின் உள்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் வயர் அடைக்கவும் கூடாது.

மாடிக்குடி: பைப் முக்கால் இஞ்ச். வயர் எல்லாம் 2.5. கீசர் 3 கிலோவாட், ஏசி 1.5 டன். த்ரீ ஃபேஸ். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கறுப்பு வயர் (மின்னோட்டம் திரும்பும் நியூட்ரல்) போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். அது பரவாயில்லைதானே?

கம்பிச்சுருள்: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா! பைப்பை விட அதுதான் ஆபத்து. மூன்று சர்க்யூட்டும் ஒரே ஃபேஸில் இருந்தால் கீசரின் 13, ஏசியின் 7 அல்லது 8, லைட் எல்லாம் கூடி 20 ஆம்பியருக்கு மேல் அந்த ஒற்றை நியூட்ரலில் திரும்பும். அங்கே எம்சிபி கிடையாது.

மோட்டார்கொட்டகை: வெவ்வேறு ஃபேஸில் கொடுத்தால் நியூட்ரலில் மின்னோட்டம் கூடாது, குறையும். தெருக் கம்பத்தில் மூன்று ஃபேஸுக்கும் ஒரே நியூட்ரல்தானே வருகிறது? வீணாகப் பயமுறுத்தாதீர்கள்.

பழைய ஃபியூஸ்: காற்றில் அந்த நியூட்ரல் அறுந்த அன்று தெருவில் எத்தனை டிவி புகைந்தது என்று விசாரித்துப் பாருங்கள். நியூட்ரல் விட்டுப்போனால் இரண்டு ஃபேஸுக்கு இடையிலான 415 வோல்ட்டை கீசரும் லைட்டும் பங்கு போடும். பெரும்பங்கு லைட்டின் தலையில்.

மோட்டார்கொட்டகை: இறுக்கமாக முடுக்கினால் ஏன் விட்டுப்போகிறது? வேலை தெரிந்தவன் செய்தால் ஒன்றும் ஆகாது.

பழைய ஃபியூஸ்: வேலை தெரிந்தவன் அப்படிச் செய்யமாட்டான்.

எர்த்குழி: இரண்டு பேரும் எர்த்தை மறந்துவிட்டீர்கள்.

புதுவீடு: குறுக்கிடுகிறேன். இணைய வயரையும் அதே பைப்பில் விடலாமா?

கம்பிச்சுருள்: கூடாது. அதற்குத் தனிப் பைப்.

மாடிக்குடி, சண்டையை விடுங்கள். சுவர் இன்னும் திறந்திருக்கிறது. பக்கத்திலேயே காடி வெட்டி ஒரு இஞ்ச் பைப் ஒன்று இறக்குங்கள். ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மிமீ வயர் இழுத்து அதில் விடுங்கள். லைட் பழைய பைப்பில் போகட்டும். பவர் வயரையும் லைட் வயரையும் பிரித்து இழுக்க வேண்டும் என்று மத்தியப் பொதுப்பணித் துறையின் விதியே இருக்கிறது. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி நியூட்ரல். பைப்புக்குள் ஒட்டு எதுவும் கூடாது, இருந்தால் பெட்டியில்தான்.

மோட்டார்கொட்டகை: ஓர் அறைக்கு இவ்வளவு செலவா?

பழைய ஃபியூஸ்: பூச்சை உடைத்து மறுபடி பூசும் கூலியைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

மாடிக்குடி: இன்னொரு பைப் இறக்கியாயிற்று. பூச்சு வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

கம்பிச்சுருள்: நியூட்ரலைப் பிரித்தாரா? பூசுவதற்கு முன் பெட்டியைத் திறந்து கறுப்பு வயரை எண்ணுங்கள். மூன்று இருக்க வேண்டும்.

கம்பிச்சுருள்: மாடிக்குடி, இருக்கிறீர்களா?