வெளிநாட்டு வீட்டில் கரன்ட் வேலையில் நாமே கை வைக்கலாமா?

மன்னார்குடி, இப்போது இங்கிலாந்து

எங்கள் வீட்டில் பியூஸ் போனால் அப்பா லைன்மேனுக்காகக் காத்திருந்ததே இல்லை. மெயினை இறக்கிவிட்டு, பீங்கான் பியூஸ் கட்டையைப் பிடுங்கி, வயர்த் துண்டிலிருந்து ஒரு இழையைப் பிரித்துச் சுற்றிப் போட்டுவிடுவார். பத்து வயதில் பக்கத்தில் டார்ச் பிடித்து நின்ற நான், பதினைந்து வயதில் எல்லாவற்றையும் தனியாகவே செய்தேன். ஃபேன் ரெகுலேட்டர் மாற்றுவது, ஹோல்டர் மாட்டுவது, மோட்டாருக்கு வயர் இழுப்பது எல்லாம் தெரியும். அந்தத் தைரியத்தோடுதான் இங்கே வந்தேன்.

2016-ல் பழைய வீடு ஒன்று வாங்கினோம். அடுத்த வருடம் அம்மா ஆறு மாதம் தங்க வந்தார், கூடவே டேபிள் டாப் கிரைண்டரும் வந்தது. ஊரிலும் இங்கும் 230 வோல்ட்தான் என்பதால் ஓடுவதில் சிக்கல் இல்லை. ஆனால் சமையல் மேடையில் வாகான இடத்தில் பிளக் பாயின்ட் இல்லை. பக்கத்து சாக்கெட்டிலிருந்து வயர் இழுத்துப் புதிதாக ஒன்று வைத்தேன்.

சட்டப்படி நான் செய்தது குற்றமில்லை. இங்கே 2005-லிருந்து பார்ட் பி (Part P) என்று வீட்டு மின்வேலைக்கான ஒரு கட்டட விதி இருக்கிறது. புது சர்க்யூட் போடுவது, மெயின் பெட்டியை மாற்றுவது, குளியலறையில் ஷவரை ஒட்டி வேலை செய்வது போன்றவற்றை உள்ளூர் நிர்வாகத்துக்குத் தெரிவித்துச் செய்ய வேண்டும், இல்லையென்றால் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட வேண்டும். 2013-ல் விதியைத் தளர்த்திய பிறகு, இருக்கிற சர்க்யூட்டில் சமையலறைக்கு ஒரு சாக்கெட் சேர்க்க இங்கிலாந்தில் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டெஸ்டர் வைத்தேன், விளக்கு எரிந்தது. கிரைண்டரும் ஓடியது. மறுநாள் காலை இட்லி.

இரண்டு வருடம் கழித்து மெயின் பெட்டியை மாற்ற எலக்ட்ரீஷியன் வந்தார். ஒவ்வொரு சாக்கெட்டாக மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், நான் வைத்ததில் நின்றுவிட்டார். கழற்றிக் காட்டினார். இங்கே சுவருக்குள் போகும் கேபிளில் எர்த் வயர் வெறும் செம்பாக வரும், அதற்குப் பச்சை மஞ்சள் உறையை நாமேதான் மாட்ட வேண்டும். நான் உறையை நீளமாக விட்டிருந்தேன். திருகு செம்பைக் கடிக்காமல் உறையைக் கடித்திருந்தது. அந்த சாக்கெட்டுக்கு எர்த்தே கிடையாது. பழைய மெயின் பெட்டியில் கசிவு வந்தால் நிறுத்தும் ஆர்.சி.டி.யும் இல்லை.

அம்மா ஆறு மாதமும் ஈரக் கையோடு அந்த ஸ்டீல் கிரைண்டரைத் தொட்டு மாவை வழித்துக்கொண்டிருந்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. டெஸ்டர் ஃபேஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், எர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. இருபது வருடம் அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தும் இது என் புத்தியில் ஏறவில்லை.

உங்களில் யாருக்கு என்ன நடந்தது? சொல்லுங்கள்.

கூத்தாநல்லூர், இப்போது சிங்கப்பூர்

இங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை அண்ணே. வயரிங் வேலை என்றால் உரிமம் பெற்ற மின் பணியாளர்தான் செய்ய வேண்டும். பல்பு மாற்றலாம், அதோடு சரி. 1985 ஜூலைக்குப் பிறகு வந்த வீடுகளுக்கு ஆர்.சி.சி.பி., அதாவது நீங்கள் சொன்ன ஆர்.சி.டி. மாதிரிக் கசிவு வந்தால் நிறுத்தும் சாதனம், கட்டாயம் என்று முன்பே இருந்தது. 2023 ஜூலையிலிருந்து அதற்கு முந்தைய பழைய வீடுகளுக்கும் கட்டாயமாக்கி, மாட்டிக்கொள்ள இரண்டு வருட அவகாசம் கொடுத்தார்கள்.

ஊரில் உம்மா வாஷிங் மெஷினைத் தொட்டால் 'சுர்ருன்னு இருக்கு'ன்னு ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செருப்புப் போட்டுக்கொண்டு துவைக்கச் சொல்லியிருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பாபநாசம், இப்போது நியூஜெர்சி

நம் ஊரில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். சின்ன வயதிலேயே மனதில் பதிந்த கணக்கு இது. அமெரிக்காவில் கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், எர்த் பச்சையாகவோ வெறும் செம்பாகவோ இருக்கும். என் கணவருக்கு இது தெரியாது என்றில்லை. படித்திருக்கிறார். ஆனால் ஏணி மேலே நின்று அண்ணாந்து பார்க்கும்போது கை பழைய கணக்கில்தான் போகிறது.

சீலிங் விளக்கு மாற்ற ஏறினார். சுவர் சுவிட்சை மட்டும் அணைத்திருந்தார், பிரேக்கரை இறக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் அடுத்த அறைக்குப் போகிற வயரும் இருந்தது. கறுப்பை நியூட்ரல் என்று நினைத்துப் பிடித்தார். 120 வோல்ட்தான், ஆனாலும் உதறிய உதறலில் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நான் கீழே ஸ்க்ரூக்களைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு நின்றேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வெள்ளை என்றாலும் நம்பிவிட முடியாது. பழைய வீடுகளில் சுவிட்சுக்கு இறங்கும் வெள்ளை வயரிலேயே ஃபேஸ் ஓடும். நிறத்தைப் பார்க்காதீர்கள், மீட்டர் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் பேஸ்மென்ட் வேலை வந்தபோது முறையாகப் பெர்மிட் வாங்கினார். இந்த மாநிலத்தில் தான் குடியிருக்கும் தனி வீட்டுக்கு உரிமையாளரே வயரிங் செய்யலாம், பெர்மிட் மட்டும் வேண்டும். சுவர்ப் பலகை அடித்து மூடுவதற்கு முன்னால் ஆய்வாளர் வந்து பார்ப்பார், எல்லாம் முடிந்த பிறகு இன்னொரு முறை வருவார். வந்தவர் ஒரு பெட்டியில் வயர்கள் அளவுக்கு மேல் இருக்கின்றன, பெரிய பெட்டி வையுங்கள் என்றார். ஒரு பெட்டிக்குள் எத்தனை வயர் என்பதற்கு இங்கே கணக்கு உண்டு. திணித்தால் சூடேறும், உறை நசுங்கும். என் கணவர் பி.இ. எலக்ட்ரிக்கல் படித்தவர், அவருக்கே அது புதுச் செய்தி. பெர்மிட் கட்டணம் எனக்குக் கொஞ்சம்கூட உறுத்தவில்லை.

காரைக்கால், இப்போது பிரான்ஸ்

இங்கேயும் சொந்த வீட்டு வயரிங்கை நாமே செய்யத் தடையில்லை. ஆனால் நாட்டுக்கென்று வைத்திருக்கும் மின் தரவிதிப்படி இருக்க வேண்டும். புது வீட்டுக்கு, வயரிங் பாதுகாப்பைச் சரிபார்க்கும் கான்சுயல் அமைப்பின் சான்று இல்லாமல் இணைப்புக் கிடைக்காது. மாமா தானே வயரிங் போட்டு, சான்றும் வாங்கினார். ஒரு அறைக்கு ஒரு வாரம் என்று மெதுவாகச் செய்தார். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது.

திருத்துறைப்பூண்டி, இப்போது மெல்பர்ன்

ஆஸ்திரேலியாவில் சுவர் சுவிட்சைக்கூட நாமே மாற்றக் கூடாது, சட்டவிரோதம். கடலைத் தாண்டி நியூசிலாந்தில் இருக்கும் என் சித்தப்பா மகன், தன் வீட்டில் சுவிட்ச், சாக்கெட் எல்லாம் சட்டப்படியே மாற்றுகிறான். புது வயர் போட்டால் இணைப்புக் கொடுப்பதற்கு முன் ஆய்வாளர் சோதிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஒரு சுவிட்சுக்கு ஆள் கூப்பிட்டுப் பணம் கொடுப்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. நியூசிலாந்து முறைதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

வேதாரண்யம் பக்கம்

நான் வயர்மேன். ஒன்பது வருடம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். நீங்கள் எல்லாரும் வெளிநாட்டு வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் நம் ஊர் விஷயம் ஒன்று சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கம்தான் கரையைக் கடந்தது. தென்னையும் கம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டி நிரப்பினார்கள். மற்ற மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஆட்கள் வந்து, பள்ளிக்கூடங்களில் படுத்துக்கொண்டு கம்பம் நட்டார்கள். சேற்றில் நின்று வேலை செய்த அந்தப் பிள்ளைகளை எங்கள் ஊர் மறக்காது.

எங்கள் தெருவுக்கு லைன் இழுத்து முடிக்கிற நேரம். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால், லைனை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடை மாட்டப் போனார் மின்வாரிய ஆள் ஒருவர். டப் என்று பொறி பறந்தது. டிரான்ஸ்பார்மரில் சப்ளையே இல்லை, பியூஸ் கழற்றிக் கையில் இருக்கிறது. எங்கிருந்து வந்தது? எனக்குப் புரிந்துவிட்டது. ஜெனரேட்டர் சத்தம் கேட்கிற வீட்டைத் தேடித் தெருவில் ஓடினேன். நாலாவது வீடு, என் மச்சான் வீடு.

இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர் ஒன்று செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைக் கூடத்துப் பிளக் பாயின்ட்டிலும் செருகியிருந்தார். மெயினை இறக்கவில்லை. வீட்டுக்குள் வந்த கரன்ட் மீட்டர் வழியாகவே தெரு லைனுக்குப் போய்விட்டது. அது டிரான்ஸ்பார்மர் வரை போயிருந்தால் மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறியிருக்கும். அந்த மனிதர் ராடு மாட்டாமல் நேராக ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத விரும்பவில்லை.

மச்சான் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர். "அங்க ஒரு பிளக் டாப்பைக்கூட நீங்க தொட மாட்டீங்களே மச்சான்" என்று கேட்டேன். "அங்க பிடிச்சா ஃபைன் போடுவான். இங்க யாரு கேக்கப் போறா?" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு வலித்தது.

இங்கேயும் சட்டம் இருக்கிறது தம்பிகளா. 1956-ம் வருட இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது, பின்னால் வந்த விதிமுறைகளிலும் இருக்கிறது. பல்பு, ஃபேன், பியூஸ், சுவிட்ச் இவற்றை அதேமாதிரி மாற்றிக்கொள்ளலாம். புது லைன் இழுப்பது, இருக்கிற வயரிங்கை மாற்றுவது எல்லாம் உரிமம் உள்ள ஒப்பந்ததாரர் மூலம்தான் செய்ய வேண்டும். வெளிநாட்டு விதியைப் படித்து வைத்திருக்கிற நீங்கள் இதையும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எர்த் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் களிமண் ஈரமாக இருக்கும்வரை எர்த்துக்கு நல்ல மண். சித்திரை, வைகாசியில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும்போது, மண்ணில் புதைத்த எர்த் குழாயை ஒட்டி இடைவெளி விழுந்துவிடும். கடலோரத்தில் உப்பு வேறு இரும்புக் குழாயைத் தின்றுவிடுகிறது. நான் தோண்டிப் பார்த்த வீடுகளில் மேலே ஒரு முழம் குழாய் நன்றாக இருக்கும், கீழே கையால் தொட்டால் உதிரும். பெயிண்ட் அடித்த மூடியைப் பார்த்து எர்த் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். குழாயை வெளியே எடுத்துப் பார்க்க முடியாவிட்டாலும் மீட்டர் வைத்து அளக்கலாம், அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

கூத்தாநல்லூர் தம்பி, உம்மாவைச் செருப்புப் போடச் சொன்னது போதாது. முதலில் அந்த வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூத்தாநல்லூர், இப்போது சிங்கப்பூர்

பார்த்தாச்சு அண்ணே. நீங்கள் எழுதிய அன்றே தம்பியை அனுப்பினேன். வாஷிங் மெஷினுக்கு மூன்று பின் பிளக்தான். ஆனால் சுவரில் இருந்த சாக்கெட்டின் எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. கட்டும்போது அலங்காரத்துக்கு வைத்தது போல. ஆள் வந்து புது எர்த் போடுகிற வரை மெஷினை ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கையால் துவைத்துக்கொள்கிறேன் என்கிறார் உம்மா.

மன்னார்குடி, இப்போது இங்கிலாந்து

வேதாரண்யம் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு நானும் ஊருக்குப் பேசினேன். அப்பா காலத்துப் பீங்கான் கட்டைகளை எடுத்துவிட்டு எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் மாட்டியாகிவிட்டது. சான்று உள்ள வயர்மேன்தான் செய்தார். மாட்டியவுடன் ஆர்.சி.சி.பி. நிற்கவே இல்லை, டிரிப் ஆகி விழுந்துகொண்டே இருந்தது. மூன்று மணி நேரம் தேடியதில் கொல்லைப்புறத்து மோட்டாருக்கு நான் பதினெட்டு வயதில் இழுத்த வயர் என்று தெரிந்தது. இணைப்பு போட்ட இடத்தில் டேப் பிசுபிசுவென்று கழன்று, மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

அந்த வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் வீடே இருட்டாகிறதே என்று அம்மா முதலில் பயந்தார். இப்போது மாதம் ஒருமுறை, முதல் தேதியன்று, அவரே அழுத்திப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்கிறார்.