மறு: ட்ரைக்கியாசிஸ், அதற்கான லேசர் சிகிச்சை – தமிழ்ச் சொற்கள்

வணக்கம்.

இமைமுடி கண்ணை நோக்கிச் சாயும் ட்ரைக்கியாசிஸுக்கு முந்தைய மடலில் வந்த 'உள்வளர் இமைமுடி' எனக்கு ஒப்பவில்லை. உள்வளர் முடி என்றால், சவரம் செய்த தாடையில் தோலுக்கடியிலேயே சுருண்டு வளர்கிறதே, அதுதான் நினைவுக்கு வரும். ட்ரைக்கியாசிஸில் முடி தோலுக்கு வெளியேதான் வளர்கிறது; முளைக்கும் இடமும் சரிதான். சாயும் திசைதான் தவறு. கருவிழிப் பக்கம் சாய்ந்து, இமைக்கும்போதெல்லாம் அதை உரசுகிறது. 'கண்ணுக்குள் மணல் அறுக்கிறது' என்றுதான் நோயாளிகள் சொல்வார்கள். ஆகவே 'உட்சாய் இமைமயிர்' என்கிறேன். இமை விளிம்பே உள்ளே திரும்பிவிடும் என்ட்ரோபியனுக்கு 'இமை உள்மடிவு' இருக்கட்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது. மடிந்த இமையை லேசர் நிமிர்த்தாது.

'மயிர்' வேண்டாம் என்று ஒருவர் கூசியிருந்தார். 'மயிரிழையில் உயிர் தப்பினார்' என்று நாளிதழ்கள் கூசாமல் அச்சிடுகின்றன. மயிர்க்காலை விட்டால், முடி முளைக்கும் குழியான ஃபாலிக்கிளுக்கு எங்கே போவது?

இங்கே அந்த மயிர்க்கால்தான் முக்கியம். 'லேசர் முடி நீக்கம்' போதாது. இடுக்கியால் பிடுங்குவதும் நீக்கம்தான். சில வாரங்களில் மறுபடி முளைத்து, குட்டையாக இருக்கும்போது முன்னைவிடக் குத்தும். லேசரின் குறி வேர். இமையை ஊசி போட்டு மரக்கவைத்து, விளிம்பைச் சற்று வெளியே திருப்பி, ஆர்கான் லேசர் கற்றையை முடியின் போக்கிலேயே செலுத்துகிறார்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுட, சுமார் 2 மி.மீ. ஆழத்துக்குக் குழி விழுந்து மயிர்க்கால் கருகுகிறது. ஒளியை வாங்குவது மெலனின் நிறமி. நரைத்த முடியில் அது இல்லாததால் அடியில் மை தொட்டு வைத்துச் சுடுவதும் உண்டு. நான்கைந்து முடிகள் என்றால் இது சரி. வரிசையே சாய்ந்திருந்தால் அறுவைதான்.

ஆகவே என் பரிந்துரை 'லேசர் மயிர்க்கால் தீய்ப்பு'. 'எரிப்பு' என்று ஒப்புதல் படிவத்தில் போட்டால் நோயாளி எழுந்து போய்விடுவார். 'அழிப்பு' எந்த முறைக்கும் பொருந்திவிடும். மின்சாரத்தால் செய்வதை 'மின் தீய்ப்பு' எனலாம். குளிரால் செய்வதை 'உறைப்பு' என்றால் காரமாகிவிடும், 'உறையவைப்பு' பரவாயில்லை. லேசரைச் 'சீரொளி' ஆக்குவதில் மறுப்பில்லை, ஆனால் மருத்துவமனையில் மக்கள் கேட்பது லேசரைத்தான்.

டிஸ்டிகியாசிஸ் மிச்சம் இருக்கிறது. அதில் இமை விளிம்பில் நெய் சுரக்கும் மெய்போமியன் சுரப்பிகளின் வாயிலிருந்து இரண்டாவது வரிசை முளைக்கும். 'இருவரிசை இமைமயிர்' என்று குறித்து வைத்திருக்கிறேன். அந்தச் சுரப்பிக்கு 'இமைநெய்ச் சுரப்பி' பொருந்துமா? குழுவில் உள்ள கண் மருத்துவர்கள் எழுதுங்கள்.